நாவலும் நல்லொழுக்கமும்

விழா மலர் என்றால் வாழ்த்தும் நினைவும் நிறைந்திருத்தல் மரபு. நம் கல்லூரி அன்னைக்கு அவ்விரண்டையும் முதற்கண் வணக்கத்துடன் செலுத்துகிறேன். எனினும், கல்லூரியை விட்டு நீங்கி நெடுங்காலமான ஒரு பழைய மாணவன் வாழ்த்துக் கூறியதோடு அமர்ந்துவிடுவானாயின், அவன் பெற்ற கல்விக்கு அது போதிய கைம்மாறாகாது. உலகிற் பட்டறிந்த ஒன்றைப் பின்வருவோர்க்கு எடுத்துரைப்பதும் அவன் கடனேயாகும். அக்கடனைக் கருதியே, சிலருக்கு உவப்பளிக்காத ஒரு பொருளை இம்மலரில் எழுதத் துணிந்தேன். ஆசிரியப் பெருமக்களும் உடன்கற்ற அன்பர்களும் பொறுமையுடன் படித்தருள்வார்களாக.

சில காலத்துக்கு முன், எங்கள் கட்டைபறிச்சான் பக்கத்து வாசிகசாலை ஒன்றுக்கு ஒரு கட்டு நூல்களை அன்பளிப்பாக வழங்கினேன். ஒரு வாரம் சென்றபின் அவற்றுள் ஒன்று மட்டும் பழைய செய்தித்தாளிற் சுற்றப்பட்டு என்னிடமே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் ஊரில் மதிப்புமிக்க பெரியவர். "தம்பி, நீங்கள் படித்தவர். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் வந்து போகிற இடம் இது" என்றார். அவர் சினந்து பேசவில்லை, வருந்தியே பேசினார். நானும் மறுமொழி கூறாது நூலை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று கூறாத மறுமொழியே இக்கட்டுரை.

திரும்பி வந்த நூல், ஜி. நாகராசன் எழுதிய 'நாளை மற்றுமொரு நாளே' என்னும் நாவல். 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆசிரியர் மதுரையிலே 1929இற் பிறந்து, மதுரையிலேயே 1981இல் மறைந்தவர். கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். வகுப்பறையில் எண்ணையும் வடிவத்தையும் விளக்கிய அவர், எழுத்திலே நகரத்தின் இருண்ட தெருக்களை விளக்க முற்பட்டார். இந்நாவலுக்கு முன்பே, 1963இல், 'குறத்தி முடுக்கு' என்னும் குறுநாவலை வெளியிட்டிருந்தார். அதுவும் உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள் வாழும் ஒரு சந்தைப் பற்றியதே.

'நாளை மற்றுமொரு நாளே' கந்தன் என்னும் ஒருவனுடைய ஒரேயொரு நாளைக் கூறுவது. காலையிற் குடியின் மயக்கம் தெளியாமல் அவன் கண்விழிப்பதிலிருந்து கதை நடக்கிறது. கந்தன் வீரனல்லன், பெருங்கொள்ளைக்காரனுமல்லன். தரகும் அடிதடியும் சில்லறைக் குற்றமும் அவன் தொழில். அவன் மனைவி மீனா அத்தொழிலின் வருவாயாகவும் இருக்கிறாள். அவனுடைய அன்புக்கு உரியவளாகவும் இருக்கிறாள். தனக்குப் பின் அவள் கதி யாதாகும் என்ற கவலை அவனை விட்டு நீங்குவதில்லை. சாராயக் கடை, விடுதி, பொலிஸ், தரகர், கடன்காரர் என்று அந்த ஒரு நாள் நகரத்தைச் சுற்றி வருகிறது. எவரையும் ஆசிரியர் பழிப்பதில்லை, எவருக்காகவும் அழுவதுமில்லை. கண்டதைக் கண்டவாறே கூறி விலகி நிற்கிறார். 2010இல் பெங்குவின் நிறுவனத்தார் இதனை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். கடல் கடந்தோர் படிக்கும் அந்நூலை எங்கள் வாசிகசாலை மட்டும் செய்தித்தாளிற் சுற்றித் திருப்பி அனுப்பிற்று.

பெரியவரின் அச்சத்தை நான் எள்ளி நகையாட விரும்பவில்லை. அவர் கருத்தை அவருக்கே உரிய வலிமையோடு எடுத்துக் கூறின், அது மூன்று கூற்றுக்களாக அமையும். முதலாவது: தீயதைப் பற்றிப் படித்தல் தீயதன்மேல் விருப்பத்தை வளர்க்கும். இரண்டாவது: இலக்கியம் மனிதனை உயர்த்தற்கு உரியது, சாக்கடையை அதற்குட் கொணர்தல் அதன் தூய்மையைக் கெடுக்கும். மூன்றாவது: இவை எங்கேயோ ஒரு பெருநகரில் நடப்பவை, வயலும் வாவியும் கடலுமாக வாழும் எம்மூர்ப் பிள்ளைகளுக்கு இவற்றால் ஆவது யாது? மூன்றும் விடை பெறத் தகுந்த வினாக்களே.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கந்தன் அலைந்த மதுரையையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் பாடியிருக்கிறார். அவர் மாங்குடி மருதனார், நூல் மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டுள் மிக நீண்டது அதுவே. 782 அடிகளை உடையது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்த அப்பாட்டு, அவனுடைய தலைநகரின் பகலை மட்டும் காட்டி நின்றுவிடவில்லை. பகற்சந்தையாகிய நாளங்காடியைக் காட்டியபின் இரவுச் சந்தையாகிய அல்லங்காடியையும் காட்டுகிறது. இரவை யாமம் யாமமாகப் பிரித்து, பொருளுக்காக இளைஞரை மயக்கும் பரத்தையரையும், கடையடைத்து உறங்கும் வணிகரையும், நூலேணியை இடையிற் சுற்றிக்கொண்டு இருளில் ஒளிந்து திரியும் கள்வரையும், அவரைத் தேடி வரும் ஊர்காவலரையும் அடுத்தடுத்து நம் கண்முன் நிறுத்துகிறது. அரசனுக்கு அறிவுரை கூறவந்த புலவர், அவனுடைய நகரத்தின் இரவை அவனுக்கு மறைக்கவில்லை. மறைத்திருப்பின் அறிவுரை முழுமை பெற்றிராது என்றே நான் கருதுகிறேன்.

சிலப்பதிகாரத்தை நோக்குங்கள். வகுப்பிலே நாம் கண்ணகியின் கற்பையும் பாண்டியனின் நீதியையும் மனனஞ் செய்தோம். ஆயின் கோவலன் கொலையுண்ட வரலாறு, விருப்பு வெறுப்பின்றி நோக்கின், மாநகரத் தெருவில் நடந்த ஒரு குற்றத்தின் வரலாறேயன்றோ? களவு செய்தவன் பொற்கொல்லன். பழி சுமந்தவன் ஊருக்குப் புதியவன். ஐயுற்று நின்ற காவலர்க்குக் கள்வரின் எண்வகைத் துணைகளையும் அப்பொற்கொல்லன் ஒரு நூலைப் போல எடுத்தோதுகிறான். முடிவில் வாளை வீசுகிறவன் குடிவெறியிலிருந்த கல்லாதவன் ஒருவன். விசாரணை இல்லை, சான்று இல்லை. இளங்கோவடிகள் துறவி. துறவியே கூறத் தயங்காத ஒன்றைக் கணித ஆசிரியர் ஒருவர் கூறியது எங்ஙனம் குற்றமாகும்?

திருக்குறளைச் சான்றாகக் கொண்டு இத்தகைய நாவல்களை எதிர்ப்போரும் உளர். வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்னும் 92, 93, 94ஆம் அதிகாரங்களை அவர்கள் எடுத்துக் காட்டுவர். மிக நன்று. அவ்வதிகாரங்கள் எப்பாலிலே உள்ளன, அவற்றை அடுத்து வருவது யாது என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். அவை அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கின்றன. தனி மனிதனின் இழுக்கு மட்டுமன்று, நாட்டின் பொருளியலோடும் அரசியலோடும் பிணைந்த கேடு என்று வள்ளுவர் அவற்றைக் கண்டார் என்பது என் துணிபு. சூதை அடுத்து வரும் 95ஆம் அதிகாரம் மருந்து. நோய் இன்னதென்று அறிக, அது எதனால் வந்ததென்று அறிக, அதன்பின் தணிக்கும் வழியைத் தேடுக என்று மருத்துவனுக்கு முறை வகுப்பது அங்கேதான். நோயின் பெயரைச் சொல்லவே கூடாதென்பது வள்ளுவர் வகுத்த முறையன்று.

நமக்கு அணித்தான காலத்துக்கு வருவோம். 1930களிலே புதுமைப்பித்தன் 'பொன்னகரம்' என்னும் சிறுகதையை எழுதினார். அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குக் கஞ்சி காய்ச்சக் காசில்லாத ஒரு பெண், இரவில் ஒரு சந்துக்குள் நுழைந்து திரும்பும் கதை அது. 1950களின் முற்பகுதியிலே நம் நாட்டு எழுத்தாளர் அ. ந. கந்தசாமி, எமிலி சோலாவின் 'நாநா'வைத் தமிழாக்கிச் 'சுதந்திரன்' பத்திரிகையில் வெளியிட்டார். பாரிஸ் நகரத்து இரவு வாழ்க்கையைப் பற்றிய அந்நாவல் 1880இல் எழுந்தது. உருசிய மொழியிலே தஸ்தயெவ்ஸ்கி 1866இல் எழுதிய 'குற்றமும் தண்டனையும்' என்னும் நாவலிற் கொலைகாரனுக்கு மனந்திரும்பும் வழியைக் காட்டுபவள், குடும்பத்தின் பசியைப் போக்கத் தெருவுக்கு வந்த ஓர் ஏழைப் பெண்ணே. இவற்றாலெல்லாம் இலக்கியம் தூய்மை இழந்துவிடவில்லை.

இனி முதலாவது வினா. தீயதைப் படித்தல் தீமைக்கு வித்தாகுமா? இவ்வினாவுக்கு நம் மாணவப் பருவமே விடை கூறும். மூதூர் இறங்குதுறையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் படகில் வந்த பையன்கள் கையில் என்ன நூல்கள் இருந்தன? பெரும்பாலும் துப்பறியும் நாவல்களே. தமிழ்வாணனின் சங்கர்லால் எங்களுக்குத் தெய்வத்துக்கு அடுத்தபடி. எங்கள் பாட்டனார் காலத்திலே ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. இந்நூல்களிற் கொலை உண்டு, கொள்ளை உண்டு, வஞ்சகம் உண்டு. ஆயினும் அவற்றை எவரும் செய்தித்தாளிற் சுற்றித் திருப்பி அனுப்பியதில்லை. காரணம் வெளிப்படை. துப்பறியும் நாவலிலே கடைசிப் பக்கத்தில் விலங்கு பூட்டப்படும். குற்றவாளி நம்மைப் போன்றவன் அல்லன் என்ற ஆறுதலோடு நாம் நூலை மூடுவோம். நாகராசன் அந்த ஆறுதலை நமக்குத் தர மறுக்கிறார். கந்தனிடம் நம் அயலவன் ஒருவனின் சாயலைக் காண்கிறோம். சிலவேளை நம் சாயலையே காண்கிறோம். குற்றம் எழுதப்பட்டிருப்பதன்று நம்மை வருத்துவது. குற்றவாளி மனிதனாக எழுதப்பட்டிருப்பதே.

கந்தனின் வாழ்வைப் படித்து அவ்வாழ்வை விரும்பும் ஓர் இளைஞன் இருப்பானென்று என்னால் எண்ண இயலவில்லை. அந்நூலில் இன்பம் என்று காட்டப்படுவது மிகச் சிறிது. களைப்பும் கடனும் அச்சமுமே மிகுதி. இரவு நகரத்தை ஒளிமயமான இன்பலோகமாகக் காட்டும் திரைப்படங்களைக் குடும்பத்தோடு இருந்து பார்த்துவிட்டு, அதன் உண்மை விலையைக் கூறும் நூலை மறைப்பது நேர்மையாகுமா?

மூன்றாவது வினாவே எனக்கு நெஞ்சில் தைப்பது. எம்மூர்ப் பிள்ளைகளுக்கு இவற்றால் ஆவது யாது என்று பெரியவர் கேட்டார். நாம் வாழ்வது ஒரு துறைமுகத்தின் கரையில். 1942 ஏப்பிரல் 9இல் யப்பானியர் குண்டு வீசுமளவுக்குப் பெயர்பெற்ற போர்த்தளம் இது. 1957 வரை ஆங்கிலேயக் கடற்படை இங்கே இருந்தது. கப்பற்சிப்பாய்கள் கரையிறங்கும் மாலைகளிலே நகரத்து வீட்டுக் கதவுகள் நேரத்தோடு அடைபடும் என்று என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடைபட்ட கதவுகளுக்கு வெளியே நின்றவர்கள் யார், அவர்கள் எவ்வூர்ப் பிள்ளைகள் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இரவு என்பது எங்கேயோ உள்ளதன்று. நாம் கதவடைத்த இடத்தில் அது தொடங்குகிறது.

இதற்கு மேலும் ஒன்று சொல்லவேண்டும். இதுகாறும் எவரிடமும் சொல்லாதது. எங்களூரிலிருந்து என்னோடு ஒரே படகில் வந்து, ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டா. கணக்கிலே அவனை வெல்ல வகுப்பில் எவருமில்லை. வீட்டு வறுமையாற் படிப்பை இடைநிறுத்திக் கொழும்புக்குச் சென்றான். ஒரு விடுதியிற் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அவ்விடுதி பகலில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் இருந்ததென்று பின்னரே தெரிந்தது. எவர் எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு கொடுத்தார், தரகனுக்கு எவ்வளவு, அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு என்று எழுதுவதே அவன் கணக்கு. விட்டுவர எண்ணினான், ஊருக்கு அனுப்பும் பணம் அவனை விடவில்லை. ஒருநாள் இரவு பொலிசார் வந்தனர். முதலாளி அகப்படவில்லை. பெண்களும் கணக்கெழுதியவனும் அகப்பட்டனர்.

இரண்டு நாட்களின் பின் அவன் சார்பில் ஒருவர் எனது அலுவலகத்துக்கு வந்தார். நண்பன் கடுதாசித் துண்டொன்றில் எழுதியிருந்தான்: "மச்சான், பிணைக்கு ஒரு கையொப்பம் மட்டும் போதும்." நான் அப்போது அரசாங்க உத்தியோகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என் பெயர் அவ்வழக்கோடு சேரக்கூடாதென்று அஞ்சினேன். வந்தவரிடம், ஆள் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்று இரவு என் மனத்தில் எழுந்த வினா, "இவனும் இப்படிப் போவானா?" என்பதே. "ஏன் போனான்?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் அவனை நான் காணவில்லை.

பல ஆண்டுகள் கழிந்து நாகராசனைப் படித்தேன். 'குறத்தி முடுக்கு' நூலின் முன்னுரையிலே அவர் வாசகரிடம் ஒன்றை வேண்டிக்கொள்கிறார். இவை பிடிக்கவில்லையாயின், இப்படியெல்லாம் ஏன் நடக்கிறதென்று கேளுங்கள். இவற்றை ஏன் எழுதவேண்டுமென்று கேட்டுத் தப்பித்துக்கொள்ள முயலாதீர்கள் என்பது அவ்வேண்டுகோளின் கருத்து. அப்பக்கத்தை நெடுநேரம் திருப்பாமல் வைத்திருந்தேன். எனக்குக் கல்லூரி இலக்கணம் கற்பித்தது, கணிதம் கற்பித்தது, பண்ணோடு தேவாரம் பாடக் கற்பித்தது. விழுந்தவன் ஒருவனைக் கண்டால் முதலில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை மட்டும் எந்த நூலிலிருந்தும் நான் கற்றிருக்கவில்லை. இந்நாவலை இருபது வயதிலே படித்திருந்தேனாயின் அக்கையொப்பத்தை இட்டிருப்பேன் என்று உறுதி கூறமாட்டேன். ஆள் தெரியாது என்று அவ்வளவு எளிதிற் சொல்லியிருக்கமாட்டேன் என்று மட்டும் கூறுவேன்.

சட்டமும் பெரும்பாலும் என்னைப் போலவே நடந்துகொண்டது. அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டம் நம் நாட்டில் 1841இல் இயற்றப்பட்டது. விபசார விடுதிகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1889இல் வந்தது. இந்தியாவிலே 1956இல் பெண்களை வைத்து நடத்தும் வாணிகத்தை ஒடுக்க ஒரு சட்டம் வந்தது. கந்தனின் கதை அச்சட்டத்துக்குப் பதினெட்டு ஆண்டுகளின் பின் வெளிவந்தது; தெரு அப்படியே இருந்தது. சட்டத்தின் கைக்கு எட்டுபவர்கள் தெருவில் நிற்பவர்களே. வீட்டில் இருந்து பணம் எண்ணுபவர்கள் எட்டுவதில்லை. இதனை அறிக்கைகளும் கூறலாம். ஆனால் ஒரு நாவல் கூறும்போது, அது நமக்குத் தெரிந்த ஒருவனுக்கு நேர்ந்ததுபோல் உறைக்கிறது.

இன்று எம்மூரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2006ஆம் ஆண்டுப் போரிலே மூதூர்ப் பகுதியும் சம்பூரும் கட்டைபறிச்சானும் வெறிச்சோடின. மக்கள் முகாம்களிலே வாழ்ந்து, பின் படிப்படியாகத் திரும்பினர். குடும்பத் தலைவனை இழந்த வீடுகள் பல. பையன்கள் கொழும்புக்குப் போகிறார்கள். பெண்கள் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போகிறார்கள். வேலை வாங்கித் தருவதாக இனிக்கப் பேசும் தரகர் படலையைத் திறந்துகொண்டு வருகிறார்கள். அவர்களுள் நல்லவரும் இருக்கலாம். ஆனால் நல்லவரல்லாதவரை இனங்காண நம் பிள்ளைகளுக்கு யார் கற்பித்தார்கள்? கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. இன்று படகின்றியே நகரத்தை அடையலாம். நகரமும் அவ்வாறே நம்மை வந்தடையும். தெரியாத இருளைவிடத் தெரிந்த இருள் பாதுகாப்பானது.

நாகராசனின் நாவலிற் குறையில்லை என்று நான் வாதிடவில்லை. மீனாவை நாம் பெரிதும் கந்தனின் கண்களாலேயே காண்கிறோம். அவள் தனித்திருக்கும்போது என்ன நினைத்தாள் என்பதை இன்னும் அறிய வேண்டுமென்ற குறை எனக்கு உண்டு. அப்பெண்களின் வாழ்வை அவர்களே எழுதும் நாவல் இதனினும் பெரிதாக இருக்கும். மேலும் இந்நூல் சிறுவர்க்கு உரியதன்று. அதனை நானும் ஒப்புகிறேன். உயர்தர வகுப்பு மாணவர்க்கும் கல்லூரியை விட்டு நீங்கும் நிலையில் உள்ளோர்க்குமே இதனைப் பரிந்துரைக்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு நாவல் புதியதன்று. 1891இல் 'ஊசோன் பாலந்தை கதை'யை எழுதிய இன்னாசித்தம்பியும், 1895இல் 'மோகனாங்கி'யை எழுதிய சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலையார். மூதூர் ஆசிரியர் வ. அ. இராசரத்தினம் 'தோணி' என்னும் கதையிலே, தனக்கென ஒரு தோணியைக் கனவு காணும் மீனவச் சிறுவனைப் படைத்தபோது, எங்கள் கரையை முதன்முதலாக அச்சிலே கண்டு மகிழ்ந்தோம். நாம் விரும்பும் முகத்தை நூலிற் காண்பது மகிழ்ச்சி. நாம் விலக்கிய முகத்தையும் அங்கே காணத் துணிவது கல்வி.

ஆதலால் இவ்விழா ஆண்டிலே கல்லூரிக்கு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மேல்வகுப்பு மாணவர்க்கு மதுரைக்காஞ்சியையும் கொலைக்களக் காதையையும் கற்பிக்கும் ஆசிரியர், அவற்றோடு இத்தகைய ஒரு நாவலையும் வைத்து அவர்களோடு மனந்திறந்து பேசுவாராக. நீதிமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும் பொலிஸ் சேவையிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள், கல்லூரியை விட்டுப் புறப்படும் பிள்ளைகளிடம் ஆண்டுக்கொருமுறையேனும் வந்து, தாம் கண்ட நகரத்தை ஒளிவின்றி எடுத்துக் கூறுவார்களாக.

வாசிகசாலையிலிருந்து திரும்பி வந்த பிரதி இன்னும் அதே செய்தித்தாளிற் சுற்றியபடி என்னிடம் இருக்கிறது. கல்லூரி நூலகம் ஏற்குமாயின் அதனை நேரில் கொண்டுவந்து கொடுப்பேன். முதற் பக்கத்தில் அன்பளித்தவர் பெயரை எழுதுவது வழக்கம். அவ்விடத்தில் என் பெயரை எழுதாது, என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்து, கணக்கில் முதல்வனாக விளங்கிய ஒரு மாணவனின் நினைவாக என்று எழுதுவதற்கு அதிபர் அவர்கள் இசைவு தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

வாழ்க நம் கல்லூரி.